அப்பாவின் கடிகாரத்தில் ஏழு மணி

கவாய் தீவில் சேவல்களுக்குச் சொந்தக்காரர் இல்லை.
விடியலைப் பற்றி ஒன்றும் தெரியாமல்
மூன்று மணிக்கே கூவிவிடுகின்றன.

வாடகை வீட்டின் பின்பக்க மரத்தளத்தில்
விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள் இருவரும்.
அப்பாவின் கடிகாரத்தில் மணி ஏழு.
டுலூத் நேரம். மாற்ற மறுத்துவிட்டார்.
"ஒன்பது நாளுக்கு எதற்கு?"

இடுப்பெலும்பு மாற்றியபின் அவரால் குனிய முடிவதில்லை.
அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கிவைத்து
கைப்பேசி வெளிச்சத்தில்
நகம் வெட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.
டிக்.
டிக்.
நாளை வெறுங்காலோடு மணலில் நிற்கவேண்டும்,
நாங்கள் ஏற்பாடு செய்த விழாவில்.

தண்ணீர் குடிக்க வந்தவள்
குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் திரும்பினேன்.
அதன் வெளிச்சம் அவர்கள்மேல் விழுந்துவிடும்.

*

நாற்பத்தைந்து என்று எழுதிய கேக்.
எல்லோருக்கும் அன்னாசிப்பழம் போட்ட ஒரே சட்டை.
யோசனை தம்பி டேரலுடையது,
கடன் அட்டை என்னுடையது.
மறுபடி மணம் செய்துவைக்க வந்தவர் பூவானி மெடெய்ரோஸ்,
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்,
மாலையில் கல்யாணம்.

அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.
"தண்ணீர்தானே, பார்த்தாச்சு."
இரும்புத்தாது ஏற்றிய கப்பல்களில் முப்பத்தெட்டுப் பருவம்.
ஏரி உறைந்தால்தான் வீட்டுக்கு வருவார்.
அதனால்தான் கல்யாணம் பிப்ரவரியில்.
அதனால்தான் டேரலும் நானும்
இரண்டு பேருமே நவம்பரில்.

பேரன் ஆஸ்கர் இரு கையிலும் அள்ளிவந்து நீட்டினான்.
விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"உப்பு," என்றார்,
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

அம்மா கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கைப்பையிலிருந்து மளிகைக்கடை ரசீதை எடுத்து
முதுகில் பெருக்கினாள், கூட்டினாள்.
பருவத்துக்கு மூன்று மாதம், முப்பத்தெட்டு முறை.
ஓய்வு பெற்றபின் ஏழு முழு வருஷம்.
"பதினாறரை," என்றாள்.
"சேர்ந்திருந்தது பதினாறரை வருஷம்."

டேரல் கத்தியைக் கீழே வைத்தான்.

அப்பா ரசீதை வாங்கி, மூக்குக்கண்ணாடி தேடி,
கணக்கைச் சரிபார்த்தார். நிதானமாக.
"எண்பத்தாறில் கை ஒடிந்து வீட்டில் கிடந்தேனே,
அந்தக் கோடையைச் சேர்க்கவில்லையே."
"சேர்க்கவில்லை," என்றாள்.
"அந்தக் கோடையில் நீ பேசியது எங்கே?"

*

மலையிலிருந்து இறங்கி வந்தது மழை.
"வெளியூர்க்காரர்களிடம் இதை ஆசீர்வாதம் என்போம்,"
பூவானி புத்தகத்தைச் சட்டைக்குள் செருகினார்,
"எனக்கு இது மழை. சீக்கிரம்.
ரே, உங்கள் மனைவியிடம் ஏதாவது சொல்லுங்கள்."

அப்பா மணலைப் பார்த்தார்.
மணலில் ஒழுங்காய் வெட்டிய தன் நகங்களைப் பார்த்தார்.
மல்லிகையும் இன்னும் ஏதேதோவும் கோத்த மாலை
கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மார்லிஸ், கார்க் கண்ணாடியை ஏற்றினாயா?"
"ஏற்றிவிட்டேன்."
"நல்லது."

"இது போதும் எனக்கு," என்றார் பூவானி.

*

மாலைகள் இரண்டும் பால் புட்டிக்குப் பக்கத்தில்
நான்கு நாள் குளிர்ந்து கிடந்தன.
குப்பையில் போடக்கூடாது, மண்ணுக்குத்தான் என்றிருந்தார் பூவானி.
கிளம்பும் காலை அம்மா நூலை அறுத்து
பப்பாளி மரத்தடியில் உதிர்த்தாள்.
ஒரு சேவல் வந்து கிளறிப் பார்த்தது,
தின்ன ஏதுமில்லையென்று போயிற்று.

விமான நிலையம் போகும் வழியில்
பின்சீட்டில் எனக்கு இடம்.
உட்கார்ந்ததும் தெரிந்தது, இன்னும் ஈரம்.
அன்று கண்ணாடி ஏறியிருக்கவில்லை,
ஒரு சாண் திறந்தே இருந்திருக்கிறது.
முன்னால் அம்மாவின் பின்னந்தலை
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சீட்டின் இடுக்கில் அந்த ரசீது.
மை கரைந்து கணக்குப் பாதி ஊதா.
கடைசி வரிக்குக் கீழே,
கப்பல் பதிவேட்டில் எழுதுகிற பெரிய எழுத்தில்
பிறகெப்போதோ அப்பா சேர்த்திருந்தார்:

கூட்டல் ஒன்பது நாள்.